மூப்பனார் குடும்பமும் தமிழ் மாநில காங்கிரசும்: ஒரு டெல்டாக் கட்சியின் கதை

பாபநாசம் பக்கத்திலிருந்து இளைஞர் ஒருவர் கேட்டிருந்த கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். "1996 சட்டமன்றத் தேர்தலில் 40 இடங்களில் நின்று 39-ஐ வென்ற தமிழ் மாநில காங்கிரஸ் எப்படி இந்த நிலைக்கு வந்தது? அது முதலிலிருந்தே ஒரு குடும்பத்தின் கட்சிதானா?" என்பது அவருடைய கேள்வி. கட்சியைத் தொடங்கிய மூப்பனாரின் பெயரை ஊர்ப் பெரியவர்கள் மரியாதையோடு சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறையினர், அக்கட்சியின் சைக்கிள் சின்னம் ஜெயித்த தேர்தலைத் தம் வயதில் கண்டதில்லை என்பதால் இந்த ஐயம் எழுவது இயல்பே.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். த.மா.கா. பிறந்தபோது அது குடும்பக் கட்சியாக இல்லை. தமிழகக் காங்கிரசின் பெரும்பகுதி டெல்லித் தலைமையை விட்டு வெளியேறியதன் பெயரே த.மா.கா. அது ஒரு குடும்பத்தின் பொறுப்புக்கு வந்தது 2001-க்குப் பிறகுதான். அடுத்த ஆண்டே காங்கிரசோடு கலந்துவிட்டதால், 2014-இல் குடும்பத்திடம் மீண்டும் வந்து சேர்ந்தது பெயரும் நினைவும் மட்டுமே. இதைப் புரிந்துகொள்ள ஜி.கே.மூப்பனார் எங்கிருந்து எழுந்து வந்தார் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

கோவிந்தசாமி கருப்பையா மூப்பனார் 1931 ஆகஸ்ட் 19 அன்று சுந்தரபெருமாள்கோவிலில் பிறந்தார். தஞ்சாவூர்–கும்பகோணம் ரயில் பாதையில் பாபநாசத்துக்கும் சுவாமிமலைக்கும் இடையில் உள்ள சிறிய ஊர் அது. ஆழ்வார் பாசுரம் பெற்ற கபிஸ்தலத்தின் பெயரோடு சேர்த்தே அந்தக் குடும்பம் அறியப்பட்டது. காவிரிப் பாசனத்தில் பெரும் நஞ்சை வைத்திருந்த மிராசு குடும்பம் அது. கோயில் காரியம், சங்கீதம், ஊர் வழக்கு என எல்லாவற்றிலும் அந்த வீட்டுக்கு ஒரு சொல் இருந்தது.

ஆனால் அவர் அரசியலில் தலையெடுத்த காலம், பண்ணைகளின் அதிகாரம் சரிந்துகொண்டிருந்த காலம். கிழக்குத் தஞ்சையில் பி.சீனிவாச ராவ் போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் பண்ணையாட்களையும் குத்தகைதாரர்களையும் சங்கமாகத் திரட்டியிருந்தார்கள். 1952-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சை சாகுபடிதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-இல் நில உச்சவரம்பு 30 தரநிலை ஏக்கர் என்று வரையறுக்கப்பட்டு, 1970-இல் அது 15 ஏக்கராகக் குறைந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட பிறகு, நிலத்தைக் காட்டி வாக்குக் கேட்கும் அரசியலுக்கு இந்த மண்ணில் எந்தத் தார்மீக மதிப்பும் எஞ்சவில்லை. தஞ்சை மாவட்டத்தின் பெருநிலக் குடும்பங்கள் பல, இந்த மாற்றத்துக்குப் பிறகு அரசியலிலிருந்தே ஒதுங்கிப்போயின. மூப்பனார் ஒதுங்கவில்லை. அவர் தம் செல்வாக்கை நிலத்திலிருந்து கட்சி அமைப்புக்கு மாற்றிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் மிகக் குறைவாகப் பேசப்படும் செய்தி இது. மிக முக்கியமானதும் இதுவே என்பது என் கருத்து.

தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் தலைவராகக் காமராஜரின் நிழலில் அவர் வேலை கற்றார். 1967-இல் ஆட்சி போனபின், 1969-இல் காங்கிரஸ் இரண்டாக உடைந்தபோது, காமராஜருடன், இந்திராவை எதிர்த்த ஸ்தாபன காங்கிரசில் நின்றார். 1975 அக்டோபர் 2 அன்று காமராஜர் மறைந்ததும், அந்த அமைப்பை இந்திரா காந்தியின் காங்கிரசோடு இணைப்பதில் முன்நின்றவர் அவர். இணைந்த கட்சிக்குத் தமிழகத் தலைவரானதும் அவரே. பின்னர் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டியின் பொதுச்செயலாளராகி, இந்திரா, ராஜீவ் இருவர் காலத்திலும் வெவ்வேறு மாநிலங்களின் உட்கட்சிப் பூசல்களைத் தீர்த்துவைத்தார். மேடைப்பேச்சில் அவர் பெயர் வாங்கியவரில்லை. திராவிட இயக்கம் பேச்சாலேயே வளர்ந்த மாநிலத்தில், குறைவாகப் பேசுகிற ஒருவர் பெருந்தலைவரானது அபூர்வம். ஒவ்வொரு மாவட்டத்திலும் எந்த ஊரில் யாருக்கு என்ன செல்வாக்கு, யார் சொன்னால் யார் கேட்பார், யாரை யாரோடு ஒரே மேடையில் ஏற்றக்கூடாது என்பதையெல்லாம் மனத்தில் வைத்திருந்ததே அவருடைய பலம்.

1989 சட்டமன்றத் தேர்தலை இந்த வரலாற்றின் நடு முடிச்சு என்பேன். எம்.ஜி.ஆர். மறைந்து அ.தி.மு.க. இரண்டு அணிகளாகப் பிளந்திருந்த நேரத்தில், காங்கிரஸ் தனித்து நின்றது. மூப்பனாரை முன்னிறுத்தி ராஜீவ் காந்தி தமிழகத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார். முடிவில் தி.மு.க. 150 இடங்களுடன் ஆட்சி அமைத்தது. காங்கிரசுக்கு 26 இடங்கள்; வாக்கு ஏறத்தாழ 20 சதவீதம். பாபநாசத்தில் மூப்பனார் வென்றார். இடங்களை மட்டும் பார்ப்பவர்கள் அதைத் தோல்வி என்று எழுதிவிட்டார்கள். எந்தத் திராவிடக் கட்சியின் தோளிலும் ஏறாமல், ஐந்தில் ஒருவர் கைச்சின்னத்துக்கு வாக்களித்தார்கள் என்பது அந்த எண்ணின் பொருள். அந்த வாக்காளர்களும், அவர்களைச் சாவடிக்கு அழைத்துவந்த ஊழியர்களுமே ஏழு ஆண்டுகளுக்குப் பின் த.மா.கா.வின் மூலதனம் ஆனார்கள்.

அந்த ஊழியர் யார் என்பதை டெல்டாவில் வாழ்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத் தலைவராக ஒருமுறையேனும் இருந்தவர், அரிசி ஆலைக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சுதந்திரப் போராட்டத் தியாகியின் மகன், கதர்த் துண்டைக் கடைசிவரை விடாத சிறு விவசாயி ஆகியோர்தாம் கிராமத்துக் காங்கிரசார். மேட்டூர் திறக்கும் நாள் தள்ளிப்போனால் யாரிடம் மனு எழுதிக் கொடுப்பது, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தேங்கினால் யாரைப் பார்ப்பது என்பது இவர்களுக்குத் தெரியும். ஆட்சி கையில் இல்லாமல் கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு கட்சியைக் கிராமங்களில் உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்களே.

1996 தேர்தலுக்கு முன், அ.தி.மு.க.வுடன் கூட்டணி என்று பிரதமர் நரசிம்ம ராவ் முடிவெடுத்தபோது கொதித்தெழுந்தவர்களும் இவர்களே. ஜெயலலிதாவின் முதல் ஆட்சிமீது மக்களிடம் இருந்த கோபத்தை, தெருவில் நடமாடும் தொண்டனுக்குத் தெரிந்த அளவு டெல்லிக்குத் தெரியவில்லை. காங்கிரசின் சென்னைத் தலைமையகமான சத்தியமூர்த்தி பவன் கொந்தளித்தது. மூப்பனார் கட்சியை இழுத்துக்கொண்டு வெளியேறினார் என்பதைவிட, கட்சி வெளியேறியபோது அவர் அதன் தலைமையில் நின்றார் என்பதே நடந்ததற்கு நெருக்கமானது. புதிய கட்சி தேர்தல் ஆணையப் பதிவுகளில் தமிழ் மாநில காங்கிரஸ் (மூப்பனார்) என்றே இடம்பெற்றது. அடைப்புக்குறிக்குள் ஒருவரின் பெயர் இருந்தாலும், ப.சிதம்பரம், எம்.அருணாசலம், எஸ்.ஆர்.பாலசுப்பிரமணியம், ஜெயந்தி நடராஜன், சோ.பாலகிருஷ்ணன் எனத் தத்தம் பகுதியில் சொந்தச் செல்வாக்குள்ள தலைவர்கள் அதில் வரிசையாக இருந்தார்கள். ஒரு குடும்பத்தின் கட்சி இப்படி இருக்காது.

தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்த நிலையில் கிடைத்த சைக்கிள் சின்னம், தமிழகம் எங்கும் சுவர்களில் ஏறியது. தி.மு.க.–த.மா.கா. கூட்டணிக்கு ரஜினிகாந்த் ஆதரவு தெரிவித்தார். அவர் திரையில் பால்காரராகச் சைக்கிள் ஓட்டிவந்த படமே சுவரொட்டியாகிவிட்டது. சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 173, த.மா.கா.வுக்கு 39, அ.தி.மு.க. 4 இடங்களுக்குச் சுருங்க, காங்கிரஸ் ஒன்றுகூடப் பெறவில்லை. மக்களவைக்கு நின்ற 20 இடங்களிலும் த.மா.கா. வென்றது. இதனால் விசித்திரமான ஒரு நிலை ஏற்பட்டது. ஆளும் தி.மு.க.வின் கூட்டாளியே சட்டமன்றத்தில் முதன்மை எதிர்க்கட்சி ஆனது, சோ.பாலகிருஷ்ணன் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். எதிர்க்கட்சி நாற்காலியில் அமர்ந்துகொண்டு ஆளுங்கட்சியை எதிர்க்கவும் முடியாத, ஆட்சியில் பங்கும் இல்லாத அந்த ஐந்தாண்டுகளே கட்சியின் முதல் பலவீனம். 1996-இல் வந்த புதிய வாக்காளர்களைத் தன்னுடையவர்களாக ஆக்கிக்கொள்ள அதற்கு ஒரு போராட்டமோ ஒரு திட்டமோ அமையவில்லை. காமராஜர் ஆட்சியைக் கொண்டுவருவோம் என்ற முழக்கம் மட்டுமே இருந்தது.

டெல்லியில் நிலைமை வேறாக இருந்தது. ஐக்கிய முன்னணி அரசில் சிதம்பரம் நிதியமைச்சரானார். 1997 ஏப்ரலில் தேவ கவுடா அரசு கவிழ்ந்தபோது பிரதமர் பதவிக்கு மூப்பனார் பெயர் பேசப்பட்டு, முடிவில் ஐ.கே.குஜ்ரால் தேர்வானார். அதிருப்தியில் த.மா.கா. சில நாட்கள் அமைச்சரவையில் சேராமல் விலகி நின்றது. யார் தடுத்தார் என்பதைப் பற்றித் தஞ்சைப் பகுதியில் இன்றும் வாதம் நடக்கிறது. அதற்குள் நான் போகவில்லை. சுந்தரபெருமாள்கோவில்காரர் ஒருவர் நாட்டின் பிரதமர் ஆகியிருக்கலாம் என்ற ஏக்கம் இந்தப் பகுதியில் கட்சி எல்லைகளைத் தாண்டியது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

1998 மக்களவைத் தேர்தலில் காற்று திரும்பி, த.மா.கா.வுக்கு மூன்றே இடங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று மயிலாடுதுறை. அடுத்த ஆண்டு தி.மு.க. பா.ஜ.க. அணிக்குப் போனதும் மூப்பனார் உறவை முறித்துக்கொண்டார். ஜெயலலிதாவோடு நின்ற காங்கிரசோடும் அவரால் சேர முடியவில்லை. 1999-இல் விடுதலைச் சிறுத்தைகள், புதிய தமிழகம் ஆகியவற்றுடன் மூன்றாவது அணி அமைத்தார். தொல்.திருமாவளவன் தேர்தல் அரசியலுக்குள் அடியெடுத்து வைத்தது இந்த அணியின் வழியாகத்தான். பண்ணைக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், சேரி மக்களின் கட்சிகளைச் சமமான தோழர்களாக அழைத்து மேடையில் அமர்த்திய அந்தத் தேர்தலை, வெண்மணி நடந்த மாவட்டங்களின் வரலாற்றில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. மயிலாடுதுறையிலும் காங்கிரசின் மணிசங்கர் ஐயர் வென்றார். ஆனாலும் மூப்பனாரின் அரசியல் வாழ்வில் நான் மிகவும் மதிக்கும் முடிவு அது.

2001 சட்டமன்றத் தேர்தலில் அவர் அ.தி.மு.க. அணிக்குப் போனார். பா.ஜ.க. இருக்கும் அணியை எதிர்ப்பதே முதற்கடமை என்பது அவர் சொன்ன காரணம். எந்த ஜெயலலிதாவை எதிர்த்துக் கட்சி பிறந்ததோ, அவரோடு சேர்வதைச் சிதம்பரம் ஏற்காமல் பிரிந்துபோய்க் காங்கிரஸ் ஜனநாயகப் பேரவையைத் தொடங்கினார். த.மா.கா.வுக்கு 23 இடங்கள் வந்தன. ஆனால் கட்சி பிறந்ததற்கான நியாயம் அன்றோடு தீர்ந்துவிட்டது. அடுத்த சில மாதங்களில், 2001 ஆகஸ்ட் 30 அன்று, மூப்பனார் சென்னையில் காலமானார்.

குடும்பம் என்ற பேச்சு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. அவர் மகன் ஜி.கே.வாசன் தலைவரானார். மகன் பதவியைப் பறித்துக்கொண்டார் என்று யாரும் சொன்னதில்லை. சம அந்தஸ்துள்ள மாவட்டத் தலைவர்கள் பலர் இருந்த ஒரு கட்சியில், ஒருவரை ஒருவர் ஏற்க மனமில்லாதபோது, எல்லோரும் மறுக்காமல் ஏற்கக்கூடிய ஒரே பெயர் அந்த வீட்டுப் பெயராக இருந்தது. நம் ஊர்களில் கோயில் அறங்காவலர் பொறுப்பும் திருவிழாக் கட்டளையும் இப்படித்தான் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகின்றன.

திருவையாற்றை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். மார்கழியிலோ தையிலோ வரும் புஷ்ய பகுள பஞ்சமியன்று, காவிரிக்கரையில் தியாகராஜர் சமாதி முன் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் எதிரெதிர் வரிசையில் அமர்ந்து, நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகத்தில் முடியும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுவார்கள். அந்த ஆராதனையை நடத்தும் தியாகபிரம்ம மகோத்சவ சபையின் தலைவராக மூப்பனார் இருந்தார். அவருக்குப்பின் அவர் தம்பி ரங்கசாமி மூப்பனாரும், பின்னர் வாசனும் அந்தப் பொறுப்புக்கு வந்தார்கள். ஆராதனை ஆண்டுதோறும் குறைவின்றி நடக்கிறது. அங்கே குடும்பத்தின் தொடர்ச்சி ஒரு பலம், ஏனெனில் பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் அந்தக் குடும்பத்தை நம்பி வரவில்லை. கட்சியில் நிலைமை நேர்மாறு. சாவடிக்கு ஆள் சேர்ப்பவர், தலைவர் தம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், தம் ஊர்ப் பிரச்சினையைக் கேட்பார் என்று நம்பித்தான் உழைக்கிறார். முப்பது ஆண்டுகள் ஊர் ஊராகப் போய் மூப்பனார் சேர்த்த அந்த அறிமுகத்தை, உயில் எழுதி ஒருவருக்கு மாற்றிக்கொடுக்க வழியில்லை.

வாசன் கட்சியை 2002-இல் காங்கிரசோடு இணைத்தார். சோனியா காந்தி கலந்துகொண்ட மதுரை விழாவில் அது நடந்தது. அந்த நேரத்தில் அது அறிவான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். உடைந்த பாதிகள் ஒன்றானதால் 2004-இல் காங்கிரஸ் பலன் கண்டது. வாசன் மாநிலங்களவை உறுப்பினராகி, 2006-இல் மத்திய இணையமைச்சராகவும், 2009 முதல் 2014 வரை கப்பல் துறையின் கேபினட் அமைச்சராகவும் இருந்தார். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பழைய த.மா.கா. ஊழியர்கள் 'வாசன் அணி' என்ற உட்கட்சிக் கோஷ்டியாகச் சுருங்கினார்கள். மற்ற கோஷ்டிகள் அவர்களைப் போட்டியாளர்களாகவே பார்த்தன.

2014 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் தனித்து நின்ற காங்கிரஸ் ஓர் இடமும் பெறவில்லை. அதன் பின் மூண்ட பிளவு ஓர் உறுப்பினர் அட்டையில் தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. அட்டையில் காமராஜர், மூப்பனார் படங்கள் வேண்டாம் என்று டெல்லி சொன்னதாக எழுந்த சர்ச்சையில், மாநிலத் தலைவர் பி.எஸ்.ஞானதேசிகன் பதவி விலகினார். தொடர்ந்து வாசனும் வெளியேறி, நவம்பரில் திருச்சியில் த.மா.கா.வை மீண்டும் தொடங்கினார். 1996 பிளவுக்குக் காரணமாக ஒரு மாநிலமே உணர்ந்த ஆட்சி எதிர்ப்பு இருந்தது. 2014 பிளவுக்குக் காரணமாகக் கட்சிக்காரர்கள் மட்டுமே உணர்ந்த ஒரு மனக்காயம் இருந்தது. தொண்டர்களுக்கு அந்தப் படங்கள் எவ்வளவு முக்கியம் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. பொதுமக்கள் அதற்காகத் தங்கள் வாக்கை மாற்றிக்கொள்ளவில்லை என்பதே என் கணிப்பு.

அதன் பிறகான தேர்தல் கணக்கு சுருக்கமானது. 2016-இல் தே.மு.தி.க.–மக்கள் நலக் கூட்டணியில் 26 இடங்களில் நின்று ஒன்றும் வெல்லவில்லை; அதற்குமுன் மூத்தவர்கள் சிலர் காங்கிரசுக்கே திரும்பிவிட்டார்கள். அந்தத் தேர்தலில் சைக்கிள் கிடைக்காமல் தென்னந்தோப்புச் சின்னத்தில் நிற்க வேண்டியிருந்தது. 2019-இல் அ.தி.மு.க.–பா.ஜ.க. அணியில் கிடைத்த ஒரே தொகுதி தஞ்சாவூர். அங்கே ஆட்டோ ரிக்ஷா சின்னத்தில் நின்று, தி.மு.க.வின் பழநிமாணிக்கத்திடம் தோற்றது. 2020-இல் அ.தி.மு.க. ஆதரவோடு வாசன் மாநிலங்களவைக்குப் போனார். 2021-இல் பட்டுக்கோட்டை உட்பட ஆறு இடங்களில் இரட்டை இலைச் சின்னத்திலேயே நின்றும் வெற்றி இல்லை. 2024-இல் பா.ஜ.க. அணியில் சைக்கிள் திரும்பக் கிடைத்தபோது, நின்ற மூன்று தொகுதிகளில் ஒன்றுகூடக் காவிரி டெல்டாவில் இல்லை. பா.ஜ.க. அணியோடு போகாமல் 1999-இல் எல்லாவற்றையும் இழக்கத் துணிந்தவரின் கட்சி அது என்பதைப் பழைய ஊழியர்களால் மறக்க முடியவில்லை. டெல்டாவில் எஞ்சியிருந்த பற்றையும் அந்தக் கூட்டணி கரைத்துவிட்டது என்பது என் கருத்து.

குடும்பத் தலைமை என்றாலே கட்சி அழியும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. இதே டெல்டாவின் திருக்குவளையில் பிறந்த மு.கருணாநிதியின் குடும்பம் எதிர்ச்சான்று. 1962-இல் தஞ்சாவூர்த் தொகுதியில் வென்று, 1969-இல் கட்சித் தலைவராகி, இறுதியில் திருவாரூர் உறுப்பினராகவே மறைந்தவர் அவர். அவருடைய மகன் மு.க.ஸ்டாலின் நெருக்கடி நிலையில் சிறை சென்று, இளைஞரணி, சென்னை மேயர், பொருளாளர், துணை முதல்வர், செயல் தலைவர் என்று நாற்பதாண்டுகளுக்கு மேல் படிப்படியாக ஏறி, 2018-இல்தான் தலைவரானார். அந்த ஏற்றத்தையும் வாரிசு அரசியல் என்று விமர்சித்தவர்கள் உண்டு. 1993-இல் வைகோ வெளியேற்றப்பட்டபோது கட்சியே பிளந்தது. ஆனாலும் கிளைக் கழகம் முதல் மாவட்டம் வரை நிர்வாகிகளை அமர்த்தும் ஓர் அமைப்பு அங்கே 1949-லிருந்து தனியாக இயங்கிவந்தது. குடும்பம் அதன் மேல் அமர்ந்தது. த.மா.கா.வுக்கு அந்த அமைப்பு காங்கிரசிடமிருந்து வந்த கடன். 2002-இல் அது திருப்பிக் கொடுக்கப்பட்டபின் குடும்பம் அமர்வதற்குக் கீழே எதுவும் இல்லை.

கட்சி எப்படி இந்த நிலைக்கு வந்தது என்ற கேள்விக்கும் பாபநாசம் தொகுதியை வைத்தே பதில் சொல்லலாம். 2011-இலும் 2016-இலும் அங்கே அ.தி.மு.க.வின் துரைக்கண்ணு வென்றார். 2021-இல் மனிதநேய மக்கள் கட்சியின் ஜவாஹிருல்லா, தி.மு.க. அணியில் நின்று வென்றார். மூப்பனார் வீட்டுக்கு மிக அருகிலுள்ள தொகுதியில் 2021-இல் த.மா.கா. வேட்பாளரே நிற்கவில்லை. கட்சி மீண்டும் எழ வேண்டுமானால், கொள்முதல் நிலையத்து வாசலிலும் கூட்டுறவுச் சங்கத் தேர்தலிலும் முதலில் ஆள் நிறுத்த வேண்டும். மூப்பனார் தஞ்சை மாவட்டத் தலைவராக இருந்த நாட்களில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.